நாடிக்குத் தெரியாத உப்பு

மாசி 8, வெள்ளி

விடியலில் பனி, எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். பாத்திரம் தேய்க்கிற பொன்னம்மா வரவில்லை. எல்லாம் என் தலையில்.

பத்தியச் சட்டி தனி. அகப்பை தனி. அடுப்பும் தனி. எல்லாம் அக்காவுக்காக. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, ஓர்ப்படி. இவருடைய அண்ணன் மனைவி கோமதி. கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்திருந்தால் அவளிடம் இவ்வளவு ஒட்டியிருப்பேனா, சந்தேகம்.

இடது மார்பில் கட்டி. கார்த்திகையில் நெல்லிக்காய் அளவு, என்னிடம் மட்டும் காட்டினாள். மார்கழியில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். லேடி டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், அக்குளைத் தடவிப் பார்த்தார். புற்று, சீக்கிரம் அறுத்து எடுக்கணும் என்றார். பெரிய அத்தான் (அக்காவின் வீட்டுக்காரர், இனி பெ.அ., எழுதி மாளாது) ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். தைப்பூசத்திலிருந்து அலங்காநல்லூர்ப் பக்கத்து வைத்தியர் மருந்து. காலையில் தேனில் சூரணம், மார்பில் கறுப்பாக ஒரு பற்று.

கூடாதவை: உப்பு, புளி, கடுகு, எண்ணெய், தயிர், கத்தரிக்காய், பரங்கிக்காய், கருவாடு, கறி.
கூடுபவை: கஞ்சி. அப்புறம், கஞ்சி.

கட்டி இப்போது எலுமிச்சம்பழம். அதைப் பற்றி மட்டும் இந்த வீட்டில் பேச்சில்லை.

மாசி 10, ஞாயிறு

வைத்தியர் (இனி வை.) வந்தார். ஞாயிறு தோறும் வருவார். பெண்களுக்கு இடது கை. மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

"பத்தியம் சுத்தமா இருக்கு. ஒரு கல்லு உப்பு பட்டாலும் நாடி துள்ளிரும். எங்கிட்ட மறைக்க முடியாது" என்றார்.

பெ.அ. முன்னால் நான் வந்து பேசும் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று இவர் வழியாகக் கேட்டேன்.

"கட்டி பெருசாகிருக்கே, கேளுங்க."

"கட்டி பெருசாகிருக்குதாம்" என்றார் இவர்.

"உள்ள கிடக்குற விஷம் வெளிய தள்ளுது. நல்ல அடையாளம்."

"சின்னதாப் போனா?"

"அதுவும் நல்ல அடையாளந்தான். கரையுதுன்னு அர்த்தம்."

அப்படியே இருந்தால் என்ன அடையாளம் என்று கேட்பதற்குள் இவர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டார்.

போகும்போது வை. ஒரு பாட்டிலைக் காட்டினார். எண்ணெயில் நரம்பு மாதிரி என்னவோ மிதந்தது. ஒத்தக்கடையில் ஒரு பெண்ணுக்கு விழுந்த புற்று வேராம். பெ.அ. அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டு ஆட்டுக்கால் சூப்பில் இதைவிடப் பெரிய வேர் கிடக்கும். சொல்லவில்லை.

மாசி 14, வியாழன்

காற்றே இல்லை. மிளகாய் காயப்போட்டேன். அக்காவுக்கு முழங்கை வலி, தலை வார முடியவில்லை. நானே வாரிப் பின்னினேன். முடி கையோடு வருகிறது. வெறும் கஞ்சி குடித்தால் வராமல் என்ன செய்யும்?

இவரோடு சண்டை.

"எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேக்காத. அண்ணன் மனசு நோகும்."

"அண்ணன் மனசு நோகும். அக்கா உடம்பு?"

இவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பையன்கள் போட்ட கணக்கை ஒன்றுவிடாமல் சரிபார்ப்பாராம். வீட்டுக் கணக்கை மட்டும் யாரும் சரிபார்க்கக் கூடாது.

பெ.அ. கெட்டவர் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன். உப்புக் காய்ச்சப் போய்ப் போலீஸ் தடியடியில் தோள்பட்டை விலகி வந்தவர். அதை இழுத்துக் கட்டிச் சரியாக்கியது நாட்டு வைத்தியர்தான். கதர் தவிர உடுத்த மாட்டார். கத்தி என்றாலே வெள்ளைக்காரன் கத்தி என்கிறார். டாக்டரம்மா நாசரேத்துப் பக்கத்துத் தமிழச்சி என்று சொன்னால், "படிப்பு யாரு படிப்பு?" என்று இவரிடம் கேட்கிறாராம்.

உப்புக்காக அடி வாங்கினவர் இப்போது ஒரு கல் உப்பு உள்ளே போகாமல் அடுப்படியைக் காவல் காக்கிறார்.

நானும்தான் ராட்டை சுற்றுகிறேன். எனக்குக் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துத்தான் பிழைத்தேன். நாட்டு மருந்தெல்லாம் பொய் என்று நான் எங்கே சொன்னேன்? இந்த மருந்து இந்தக் கட்டியை என்ன செய்தது? இதைக் கேட்டால் தேசத் துரோகமா?

மாசி 19, செவ்வாய்

நரசிங்கம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஒத்தக்கடைக்குப் போய் வந்தோம். இவரை நச்சரித்துக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் புழுதி, ஒரு ஆள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தூங்கினான். சாமியும் கும்பிட்டோம், பொய் வேண்டாமே.

வேர் விழுந்த பெண்ணின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தோம். உயிரோடு இருக்கிறாள். திடகாத்திரம். வைத்தியர் பேரைச் சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சின்னவனுக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தப்ப வந்துச்சுக்கா. காச்சலோட வீங்கி, செவசெவன்னு, தொட முடியல. அவரு பத்துப் போட்டாரு. பழுத்து ஒடஞ்சு சீழாப் போயிருச்சு."

"வேரு?"

"என்னமோ எடுத்தாருன்னாக. நான் கண்ணத் தொறக்கல."

பால்கட்டு! என் சின்னம்மாவுக்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டியே வடிந்தது. அக்காவின் கட்டியில் காய்ச்சலும் இல்லை, சிவப்பும் இல்லை, வலியும் முதலில் இல்லை. கல் மாதிரி கிடக்கிறது. இந்தப் பெண் குணமானது உண்மை. இவளுக்குப் புற்றே வரவில்லை என்பதும் உண்மை.

அவளேதான் சொன்னாள், பின் தெருவில் ஒரு அம்மாவுக்கும் இதே வைத்தியர் பார்த்தாராம். "பத்தியம் முறிஞ்சு செத்துப் போச்சு. மருமக சட்டியில புளி ஒட்டியிருந்துச்சாம்."

அங்கேயும் போனோம். அந்த மருமகள்தான் இருந்தாள். இருபது வயசு இருந்தால் அதிகம். உட்காரச் சொல்லவே பயந்தாள்.

"எனக்குச் சட்டி கழுவத் தெரியலக்கா. நாந்தான் கொன்னேன்."

"உங்க மாமியார் புளிக்குதுன்னு சொன்னாகளா?"

"இல்லக்கா. வைத்தியர் நாடியில கண்டுபிடிச்சாரு."

"நீ புளி போட்டியா?"

"போடலக்கா. ஆனா ஒட்டியிருந்திருக்குமில்ல?"

அவள் புருஷன் சாப்பாட்டுக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போகிறானாம். இவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லையாம். புளியால் யாரும் சாகவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. நாளைக்கு அக்கா போய்விட்டால் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நான். அது ஒரு பக்கம். அக்கா ஏன் போகணும்? அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

மாசி 20, புதன்

கஞ்சியில் உப்புப் போட்டேன்.

சிட்டிகை கிட்டிகை இல்லை, அளவான உப்பு. உப்பில்லாத கஞ்சியும் இன்னொரு கிண்ணத்தில் தயாராகப் பக்கத்தில் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிக் கொடுக்கத்தான்.

முதல் வாய். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முழுங்கினாள். அப்புறம் கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"இன்னுங் கொஞ்சம் இருக்கா?"

தைப்பூசத்துக்குப் பிறகு அக்கா சோறு, கஞ்சி எதையும் இன்னும் வேண்டும் என்று கேட்டதில்லை. ஊற்றினேன். ஏன் போட்டாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒத்தக்கடைக் கதையை நேற்றே சொல்லியிருந்தேன், அதுவே போதும் போலிருக்கிறது.

உப்பில்லாமல் ஒழுங்காகப் பத்தியம் இருந்தபோதுதான் நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆனது. பின்னால் யாராவது என்னைக் குழப்பினால் பார்த்துக்கொள்ள இதை எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் வண்ணான் வந்தான், ஒரு வேஷ்டி குறைகிறது.

மாசி 24, ஞாயிறு

வை. வந்தார். இடது கை. மூன்று விரல். கண் மூடல். கதவுக்குப் பின்னால் நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன், பயம் இல்லை என்று எழுதினால் பொய்.

"சுத்தம்! ஒரு கல்லு உப்பு படல. இப்பிடிப் பத்தியம் காக்குற வீட்ட நான் பாத்ததில்ல. சமைக்கிற அம்மாவக் கையெடுத்துக் கும்பிடணும்."

அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். கிணற்றடியில் இரண்டு பேரும் சிரித்தோம். விலா நோகிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள்.

"அப்ப இந்த வைத்தியருக்கு ஒண்ணுமே தெரியாதா சிவகாமி? இம்புட்டு நாளும் நான் யாரை நம்பி இருந்தேன்?"

பெ.அ. பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, ஒன்றை அக்காவுக்கும் ஒன்றை எனக்கும் கொடுக்கச் சொல்லி இவரிடம் கொடுத்தனுப்பினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கென்று அவர் வாங்கிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. தலையில் வைத்தேன். முள்ளாகக் குத்தியது.

மாசி 27, புதன்

வெயில் ஏறுகிறது. வடகம் போட வேண்டும், மனசில்லை.

அக்குளிலும் ஒன்று. சுண்டைக்காய் அளவு. டாக்டரம்மா மார்கழியில் தடவித் தேடினது இதைத்தான்.

இன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "இப்பச் சொன்னா உப்பாலதான் வந்துச்சும்பாக. சுத்தம்னு அந்தாளு வாயால இன்னொருக்கா வரட்டும்." பயமா, ரோஷமா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

எனக்கும் ஒரு சந்தேகம். ஒருவேளை? மருந்து இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்து, நான் போட்ட உப்பு அதைக் கெடுத்து... சீ. ஒத்தக்கடை மருமகளும் இப்படி ஒரு ‘ஒருவேளை’யில்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பங்குனி 1, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை, ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

பற்று மாற்றுவது நான்தான். நேற்றே பார்த்துவிட்டேன், தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. இன்று வை. வந்ததும் பெ.அ. அதைச் சொன்னார். வை. முகம் சுண்டிவிட்டது. கையைப் பிடித்தார். ரொம்ப நேரம்.

"பத்தியம் முறிஞ்சிருக்கு. உப்பு."

பெ.அ. கதவுப் பக்கம் திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால் இல்லை. கூடத்துக்கே வந்துவிட்டேன். அவருக்கு நேர் எதிரில் நின்றேன்.

"எப்ப இருந்து உப்பு?" என்று வை.யிடம் கேட்டேன்.

"ரெண்டு மூணு நாளா."

"போன ஞாயிறு?"

"போன ஞாயிறு சுத்தம். நாந்தான் சொன்னேனே."

"போன ஞாயித்துக்கும் முன்னாடி, புதன்கிழமைல இருந்து மூணு வேளையும் உப்புப் போட்டுத்தான் குடுத்தேன். நீங்க கையப் பிடிச்சு சுத்தம்னு சொன்னப்ப இவுக வயித்துல உப்புக் கஞ்சிதான் இருந்துச்சு. என்னையக் கும்பிடணும்னு வேற சொன்னீக."

வை. துண்டை உதறி எழுந்தார். "எமன் இந்த வீட்டு அடுப்படியில இருக்கான். இனி என்னையக் கூப்பிடாதீக." பாட்டில் பையோடு போய்விட்டார்.

பெ.அ. எழுந்துவிட்டார். "ஒன்னைய நம்பித்தான விட்டேன்? கொன்னுட்டியே." இவரைப் பார்த்து, "இவள என்னன்னு கேளுடா!"

இவர் தரையைப் பார்த்தார். அப்போது அக்கா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"அவள ஏன் கேக்குறீக? எனக்கு நாக்கு இல்லையா? மொத வாய்லயே உப்புன்னு தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சேன்."

"நீயுமா?"

"கட்டி எனக்கு. கஞ்சி எனக்கு. பத்தியம் இருக்கியா, என்ன சாப்பிட்டன்னு இம்புட்டு நாள்ல என்னைய யாராச்சும் கேட்டீகளா? என் கையப் பிடிச்சுக் கேட்டாக. என் வாயக் கேக்கல."

பெ.அ. செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

பங்குனி 3, செவ்வாய்

பெ.அ. வீட்டில் சாப்பிடுவதில்லை. மாசி வீதிக் கிளப்புக் கடையில் சாப்பாடாம். என் கையால் தண்ணீர் வேண்டாமாம். எனக்கு ஒத்தக்கடை மருமகளின் ஞாபகம் வந்தது. ஆனால் நான் அவளைப் போல மூலையில் உட்காரப் போவதில்லை. இரண்டு மடங்கு சத்தமாக அம்மியில் மசாலா அரைத்தேன்.

இவரிடம் பெ.அ. கேட்டாராம்: "அவ உப்புப் போடாம இருந்திருந்தா கொணமாகியிருக்குமில்ல? அதுக்கு என்ன பதில் வச்சிருக்கா?"

குணமாகியிருக்காது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அதற்கு முன்னால் எலுமிச்சம்பழம் ஆனதுதான் என் சாட்சி. ஆனால் நாடியைப் பிடித்து உப்பைச் சொல்லத் தெரியாது என்று சத்தியம் பண்ணுவேன். கற்பூரத்தை ஏற்றி, மீனாட்சி சன்னதியில் நின்று பண்ணுவேன்.

காலையில் ஜட்கா வண்டி வந்து நின்றது. கூப்பிட்டது நான் இல்லை, இவர். "நானும் வாரேன், ஏறு" என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டாராம். இந்த மனுஷனை நான் கொஞ்சம் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மார்கழியில சொன்னப்பவே அறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை அறுப்பதாகச் சொன்னார்.

"அறுத்தா நல்லாகிருமா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியாதும்மா. அக்குளுக்குப் போயிருச்சு. மறுபடியும் வந்தாலும் வரும். அறுக்காம விட்டா வளரும், அது நிச்சயம்."

அக்கா ஜட்காவில் சொன்னாள்: "தெரியாதுன்னு சொன்னாக பாத்தியா? இவுக கையில குடுக்கலாம்."

அக்காவை அங்கேயே சேர்த்துக்கொள்ளவில்லை, வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் மொச்சைக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னாள். வைத்தேன். தெருவே மணந்தது.

பங்குனி 6, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தா. பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேப்பம்பூ உதிர்கிறது. தரை கழுவின லைசால் மருந்து நாற்றம். பக்கத்தில் ஒரு அம்மாள் யாரிடமோ, "இங்க வந்தா உசுரோட திரும்ப மாட்டாகன்னு சொன்னாக, நான் மூணாந்தடவ வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவர் காப்பி வாங்கப் போயிருக்கிறார்.

அக்காவை உள்ளே கொண்டுபோகும்போது தாலியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை, மஞ்சள் கயிறுதானே என்று விட்டுவிட்டார்கள். மற்ற நகையெல்லாம் என் மடியில். கையைப் பிடித்தாள், சில்லென்று இருந்தது.

"நான் செத்துட்டேன்னா உப்பாலதான் செத்தான்னு ஊரே சொல்லும்."

"வாயக் கழுவுங்க."

"கேளு. சொல்லத்தான் செய்வாக. நீ ஒத்துக்கிறாத. ஒரு நாளும் ஒத்துக்கிறாத."

"மாட்டேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். நீ சும்மாவே சண்டைக்காரிதான்." பல் தெரியச் சிரித்தாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்துகொண்டே இருந்தாலும் மாட்டேன். அவள் பிழைத்தாலும் மாட்டேன், பிழைக்காவிட்டாலும் மாட்டேன்.

பெ.அ. வந்திருக்கிறார்! வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. கேட் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தவர் இப்போது வராந்தாப் படியேறி வருகிறார். கதர்ச் சட்டை கசங்கியிருக்கிறது, நேற்றுப் போட்டதாக இருக்கும்.

அவர் வந்தால் நான் எழுந்து நிற்பேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்னிடமேதான் கேட்டார். இடையில் யாரும் இல்லை, கதவும் இல்லை.

"இன்னும் இல்ல."

துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தார்.